ஐப்பசிக் காமன்

இல்ல கண்ணு, ஜன்னல் சீட்ட நான் தரமாட்டேன். உனக்குத் தலை சுத்துதுன்னா இந்தா எலுமிச்சம்பழம், மோந்துக்கிட்டே வா. எந்திரிக்க மட்டும் சொல்லாத. கண்டக்டர் கூட சொல்லிப் பாத்துட்டாரு. அவருக்கு என்னைத் தெரியும், அதான் ரெண்டாந்தடவ சொல்லல. உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல எங்கப்பாவோட முடிஞ்சு போச்சு.

நீ எங்க போற, காலேஜுக்கா? நல்லாப் படி. நான் தாலுகா ஆபீசுக்குப் போறேன். ஒரு விசயமாத்தான். எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சேந்து, 'தெய்வான, நீதான் பயப்படாமப் பேசுவ, நீ போய்ச் சொல்லிட்டு வா'ன்னு அனுப்பியிருக்காங்க. நெசந்தான். கலெக்டரே வந்தாலும் நான் உக்காந்துக்கிட்டுத்தான் பேசுவேன். என்ன விசயம்னு அப்பறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி கல்லுக்கொம்பைன்னா என்ன ஊருன்னு உனக்குத் தெரியணும். நான் ஏறினேனே, சீகை மரத்துக்குக் கீழ ஒரு நிழற்குடை, அதான் எங்க ஊரு.

நான் சிலோன்ல பொறந்தவ. மூஞ்சியப் பாத்தாத் தெரியாது, வாயத் தொறந்தாத் தெரிஞ்சுரும்னு சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் அப்பிடித் தெரியல. வந்து அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மளிகைக் கடைக்காரன் 'சிலோன்காரம்மா'ன்னுதான் கூப்பிடறான். நான் திரும்ப மாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் அவன் எடை போட்ட பருப்பு தராசுலயே கெடக்கும்.

அதுக்காக நான் பழசை நெனைச்சு மூக்கச் சிந்துறவ இல்ல. எங்க தெருவுல சில பேர் இருக்காங்க, அந்த ஊரு மழை, அந்த ஊரு பாணு ரொட்டி, அந்த ஊரு தேத்தண்ணின்னு ஆரம்பிச்சா விடிஞ்சுரும். எனக்கு அதெல்லாம் கிடையாது. அந்த ஊர்த் தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கும், இங்க தலைகீழா நின்னாலும் அந்த நெறம் வராது, அது வேற விசயம்.

நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கம்மா காத்தாயி கொழுந்து எடுக்கும். எங்கப்பா வீரமலை கவ்வாத்து வெட்டுவாரு, செடிய மட்டமாக் கழிச்சு விடற வேலை. நான் நாலாங்கிளாசு. ரெண்டு நாட்டுப் பெரிய மனுசங்களும் உக்காந்து பேசி, இவ்வளவு சனம் உனக்கு, இவ்வளவு சனம் எனக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்களாம். எங்க குடும்பம் இந்தியாப் பக்கம் விழுந்துச்சு. என்னை யாரும் கேக்கல. எங்கம்மாவையும் கேக்கல. எங்கப்பாவக் கேட்டாங்க, அவரு 'சரிங்க'ன்னுட்டாரு.

எங்கப்பா அப்பிடித்தான். வாயில்லாப் பூச்சி. யாரு ஏறுன்னாலும் ஏறிருவாரு. கோச்சியில ஏறுன்னாங்க, ஏறினாரு. கோச்சின்னா ரயிலு, நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். தலைமன்னார்ல கப்பல்ல ஏறுன்னாங்க, ஏறினாரு. மண்டபம் கேம்புல பஸ்ஸுல ஏறுன்னாங்க, ஏறினாரு. பின்னாடியே அம்மா, இடுப்புல என் தம்பி ராசு, ஒரு கையில நான், இன்னொரு கையில மூட்டை. ஒவ்வொரு தடவையும் எங்கம்மா ஒரே கேள்வியத்தான் கேக்கும். 'இதுதான் கடைசியா?' எங்கப்பா, 'ஆமா காத்தாயி, இதோட சரி'ம்பாரு.

இங்க வந்து எறங்கினா, 'தாயகம் திரும்பியோர்'னு எங்களுக்கு ஒரு பேரு. அப்பவே எனக்குக் கோவம் வந்துச்சு. நான் எங்க திரும்பினேன்? போனவதான் திரும்ப முடியும். எங்கப்பாவோட தாத்தன் போனான், அவன் திரும்பல, செத்துப் போயிட்டான். நான் புதுசா வந்தவ.

அந்தத் தாத்தன் ஊரு துறையூர்ப் பக்கம். அங்கயும் போனோம். பங்காளிங்க வாசல்ல உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. குடிச்சு முடிச்சதும் சொம்ப வாங்கிக் கவுத்து வெச்சுட்டு, 'எப்பக் கெளம்புறீங்க'ன்னு கேட்டாங்க. எங்கப்பா அதுக்கும் 'சரிங்க'ன்னாரு. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்ல பாரு.

திருச்சி பஸ் ஸ்டாண்டுல பொன்னுரங்கம்னு ஒரு மேஸ்திரி. எங்கள மாதிரி சனங்கள மோந்து பாத்தே கண்டுபிடிப்பான். 'மலையில வேலை இருக்கு, தேயில, நீங்க பழகின வேலைதான்'னான். தேயிலைன்னதும் எங்கம்மா கூட தலைய ஆட்டிருச்சு. லாரியில ஏறினோம். வந்து பாத்தா தேயிலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காடு. மரம் வெட்டி, வேரைத் தோண்டி, தோல் பதனிடப் பட்டை உரிக்கிற சீகை மரம் நடணும். புல்லு வேஞ்ச கொட்டாயி. இருபதுக்குப் பக்கமா குடும்பம், எல்லாம் எங்கள மாதிரி கப்பல்ல வந்தவங்கதான். தேயிலைத் தோட்டம் பக்கத்து மலையில பச்சைப்பசேல்னு தெரியும். எங்கம்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்கும்.

அந்தக் குளிர்ல என் தம்பி போயிட்டான். நெஞ்சுச் சளி. ஓடைக்கு மேல ஒரு பாறை இருக்கு, அதுக்குப் பின்னாடி பொதைச்சாங்க. எங்கம்மா ரெண்டு நாளு அந்தப் பாறைகிட்டயே உக்காந்திருந்துச்சு. மூணாம் நாளு மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிருச்சு. எனக்கு அதப் பத்திப் பேசப் பிடிக்காது கண்ணு.

அடுத்த ஐப்பசி வந்துச்சு. காடு வெட்டி முடிஞ்சுது. ஒரு நாளு சாயங்காலம் மேஸ்திரி வந்து, 'மூட்டையக் கட்டுங்க, காலையில லாரி வரும், மைசூர்ப் பக்கம் ஒரு காடு எடுத்திருக்கேன்'னான். அதுக்கு முன்னாடி இப்பிடி அவன் வேற சனத்தை ஏத்திவிட்ட லாரியில இருந்து ஒருத்தரும் திரும்பி வரல, ஒரு சேதியும் வரல. எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சும் மூட்டையக் கட்டினாங்க. முதல்ல கட்டினது எங்கப்பா.

எங்கம்மா கேட்டுச்சு, 'இதுதான் கடைசியா?'

எங்கப்பா வழக்கம் போல, 'ஆமா காத்தாயி, இதோட சரி'ன்னாரு.

எங்கம்மா கொடத்த எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போச்சு. அங்க நாலஞ்சு பொம்பளைங்க கூட நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்துச்சு. நான் போனா, 'போ அந்தப் பக்கம்'னுச்சு.

இப்ப நான் உனக்குக் காமன் பண்டிகையப் பத்திச் சொல்லணும். மன்மதன் கதைதான். சிவன் நெத்திக்கண்ணால எரிச்சாரே, அதான். ஆமணக்குக் கொம்புல புல்லுக் கயிறு சுத்திக் கம்பம் ஊணுவோம். அதுதான் காமன். கையில மஞ்சக் காப்புக் கட்டிக்கிட்டு, பாட்டுப் பாடி, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் பண்ணி, பௌர்ணமிக்குக் கம்பத்த எரிப்போம். எங்க தோட்டத்துல எங்கப்பாதான் ரதி வேசம். பேச வாய் வராத மனுசன், ரதி அழுவறப்ப பாடினாருன்னா தொரை பங்களாவுல சமையக்காரன் வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்.

அதுல ஒரு சட்டம் உண்டு. காப்புக் கட்டினவங்க, காமன் எரியிற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. தாண்டினா ரத்தம் கக்கிச் சாவான்னு சொல்லுவாங்க. தொரையே வந்து கூப்பிட்டாலும் அடுத்த மலைக்கு வேலைக்குப் போக மாட்டாங்க. அதுவும் சரியா மாசி மாசந்தான். மாசம் மாறிச் செஞ்சா அதவிடப் பெரிய குத்தம். காட்டுக்கு வந்த அந்த மாசியில மட்டும் துக்கம்னு நாங்க காமன் ஊணல.

புரிஞ்சிருச்சா? நீ கெட்டிக்காரிதான்.

காலையில லாரி வந்துச்சு. சனமெல்லாம் மூட்டைய ஏத்துது. எங்கப்பா மேல ஏறி உக்காந்து, என்னை ஏத்தறதுக்குக் கைய நீட்டுறாரு. அப்பத்தான் தப்புச் சத்தம். பாத்தா, எங்கம்மா தோள்ல ஆமணக்குக் கொம்போட வருது. பின்னாடி நாலஞ்சு பொம்பளைங்க, அவங்களுக்குப் பின்னாடி மூக்கன் மாமா தப்படிச்சுக்கிட்டு. அவரு பொண்டாட்டி மொறைச்ச மொறைப்புல அடிச்சாரு, பக்தியில இல்ல. நேரா வந்து, லாரி திரும்பற பொட்டல் இருக்குல்ல, அதுக்கு நடுவுல, லாரி மூக்குக்கு முன்னாடி குழியத் தோண்டிக் கொம்ப ஊணிருச்சு.

மேஸ்திரி, 'என்ன கூத்து இது'ன்னான்.

'காமன் ஊணியிருக்கு மேஸ்திரி. காப்புக் கட்டப் போறோம். எரியிற வரைக்கும் எல்லை தாண்ட முடியாது.'

அவன் சிரிச்சான். 'ஏ புள்ள, எனக்கேவா? எங்க ஊர்லயும் காமன் இருக்கு. அது மாசியில இல்ல வரும்?'

எங்கம்மா கண்ண இமைக்காமச் சொல்லுச்சு. 'உங்க ஊர்ல மாசி. சிலோன்ல ஐப்பசி.'

சுத்தி நிக்கிற அத்தனை பேருக்கும் அது பொய்யுன்னு தெரியும். சின்னப் பிள்ள எனக்கே தெரியும். ஒருத்தரு வாயத் தொறக்கல. மேஸ்திரி சுத்தி முத்திப் பாத்துட்டு நேரா லாரி மேல உக்காந்திருந்த எங்கப்பாவக் கேட்டான். 'என்னய்யா வீரமலை. நீ உங்க தோட்டத்துல ரதி கட்டினவனாமே. சாமி விசயத்துல பொய் சொல்ல மாட்ட. உன் பொண்டாட்டி சொல்றது நெசமா?'

எங்கப்பா மூஞ்சியப் பாக்கணுமே. அவரு சாமிக்கு அவ்வளவு பயந்தவரு. செருப்புப் போட்டுக்கிட்டுக் கோயில் பக்கம் திரும்பக் கூட மாட்டாரு. ஒரு பக்கம் மேஸ்திரி, ஒரு பக்கம் காமன், நடுவுல எங்கம்மா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு சொல்லட்டா? இந்த மனுசன் 'சரிங்க'ன்னு சொல்லப் போறாருன்னு தோணுச்சு. தம்பிய அந்தப் பாறைக்குப் பின்னாடி தனியா விட்டுட்டுப் போகப் போறோம்னு தோணுச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு.

எங்கம்மா சொல்லுச்சு, 'யோவ், எறங்குய்யா.' அதுவரைக்கும் அது அப்பாவ 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடும். யோவ்னு நான் கேட்டது அன்னிக்குத்தான்.

அவரு எறங்கினாரு கண்ணு. மெதுவா, ஒரு காலு, அப்பறம் இன்னொரு காலு. காமன் முன்னாடி போய் நின்னு, கண்ண மூடிக்கிட்டு, காப்புப் பாட்டு எடுத்தாரு. பொய் சொல்லல பாரு, பாடினாரு. அந்தக் குளிர்ல அவரு நெத்தியில வேர்வை.

ஒவ்வொருத்தரா மூட்டைய எறக்கினாங்க. எங்கப்பா எறங்கினவங்களுக்கெல்லாம் காப்புக் கட்டினாரு. எனக்கும் கட்டினாரு. முடிச்சு சரியா விழல, எங்கம்மாதான் முடிச்சுப் போட்டுச்சு.

மேஸ்திரிக்கு மூஞ்சி செவந்து போச்சு. 'எல்லையாம் எல்லை. நேத்து வந்த நாய்ங்க, உங்களுக்கு ஏதுடி எல்லை'ன்னு கத்தினான்.

எங்கம்மா, 'காட்டறேன் வாங்க'ன்னுட்டு நடந்துச்சு. மூக்கன் மாமா தப்போட பின்னாடி, நாங்க எல்லாரும் அவரு பின்னாடி. ஓடையில ஆரம்பிச்சு மேல ஏறி, அந்தப் பாறையச் சுத்தி, தம்பி இருக்கற எடம் உள்ள வர்ற மாதிரி வளைச்சு, மேல மேட்டுல நாலு குடிசை இருந்துச்சு, இருளருங்க, அதுக்குக் கீழால அவங்க ஆடு மேய்க்கிற சரிவு வழியா எறங்கி, பொட்டலுக்கு வந்து நின்னுச்சு. அந்த இருளர் பொம்பளைங்க ஆடுங்கள ஓரமா ஓட்டிக்கிட்டு நாங்க போறதுக்கு வழி விட்டு நின்னாங்க. நல்ல சனங்க. எங்கம்மா மேஸ்திரியப் பாத்து, 'இதான் எல்லை'ன்னுச்சு. அவ்வளவுதான். அன்னிக்கு அது ஊராயிருச்சு.

மேஸ்திரி அப்பவும் விட்டிருக்க மாட்டான். லாரி டிரைவர்தான் மாட்டேன்னுட்டாரு. கோபிப் பக்கத்து ஆளு, முனியப்பனக் கும்பிடறவரு. 'காப்புக் கட்டின கையோட ஒரு உசிரு என் வண்டியில போச்சுன்னா என் வம்சம் வெளங்காது, வேற வண்டி பாத்துக்க'ன்னு சாவியப் போட்டுக் கெளப்பிட்டாரு. காப்புக் கட்டிக்காத ரெண்டு குடும்பம் மட்டும் மேஸ்திரிக்குப் பயந்துக்கிட்டு அதுல ஏறிப் போச்சு. அவங்க என்ன ஆனாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது.

அதுக்கப்பறம் மேஸ்திரி அரிசிய நிறுத்தினான். பௌர்ணமி எப்ப வரும், எப்ப எரியும்னு காத்துக்கிட்டிருந்தான். நாங்க என்ன சாப்பிட்டோம்னு கேக்கறியா? கெழங்கு. அந்த இருளர் பொம்பளைங்கதான் எந்தக் கொடியத் தோண்டணும், எத அவிச்சா கசக்காதுன்னு காட்டிக் குடுத்தாங்க. அவங்க இல்லாட்டி அந்த மாசம் ஓடியிருக்காது, உள்ளதச் சொல்லணும்ல.

பௌர்ணமியும் வந்துச்சு. ஐப்பசி மழை உனக்குத் தெரியுமே. கொட்டு கொட்டுன்னு கொட்டுது. காமன் எப்பிடி எரிவான்? எங்கப்பா தீப்பெட்டி மேல தீப்பெட்டியாக் கிழிக்கிறாரு, புகை கூட வரல. அவரு அழுவுறாரு, 'குத்தமாயிப் போச்சு, மாசம் மாறி ஊணினதால காமன் எரிய மாட்டேங்கிறான்'னு. எங்கம்மா மூஞ்சியில மட்டும் ஒரு நிம்மதி. காமன் எரியலன்னா காப்ப அவுக்க முடியாது. காப்ப அவுக்கலன்னா எல்லை தாண்ட முடியாது.

மேஸ்திரி வேற லாரியோட வந்து தூரத்துல இருந்தே கேப்பான், 'எரிஞ்சுச்சா?' நாங்க பிள்ளைங்க எல்லாம் சேந்து, 'இன்னும் இல்லீங்க'ம்போம்.

இன்னொன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. மழை விட்டு வெயில் அடிச்ச ஒரு நாளு, எங்கம்மா கொடத்துத் தண்ணியக் காமன் தலையில ஊத்திக்கிட்டிருந்துச்சு. நான் பாத்துட்டேன். 'என்னம்மா பண்ற'ன்னா, 'சாமிக்கு அபிசேகம் பண்றேன்டி'ன்னுச்சு. தெனமும் பண்ணுச்சு. அவ்வளவு பக்தி.

அந்த மழைக்குப் பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து குமிஞ்சு போச்சு. எடுக்க ஆளு இல்ல, பாதையில மண்ணு சரிஞ்சு கீழ இருந்தும் ஆளு வர முடியல. தோட்டத்து மேனேஜர் எங்க சனத்தைத் தேடி வந்தாரு. 'கொழுந்து எடுப்பீங்களா'ன்னு கேட்டாரு. நல்லாக் கேட்டாரு போ. மீன்கிட்டப் போய் நீந்துவியான்னு கேட்ட மாதிரி. எல்லாரும் எங்கம்மா மூஞ்சியப் பாக்கறாங்க. தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் இல்ல?

எங்கம்மா யோசிக்கவே இல்ல. 'மூக்கண்ணே, தப்ப எடுங்க'ன்னுச்சு. மறுபடியும் நடந்துச்சு. இந்தத் தடவ தோட்டத்து மலையையும் சேத்து வளைச்சு வந்து, 'போன தடவ மழையில வழி சரியாத் தெரியல, இதான் சரியான எல்லை'ன்னுச்சு. மேனேஜரு பின்னாடியே நடந்து வந்தாரு, என்னமோ சர்வேன்னு நெனைச்சுக்கிட்டு. மறுநாளு எங்கம்மா இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டு நெரையில நின்னுச்சு பாரு, ரெண்டு வருசமாப் பாக்காத மூஞ்சி அது. கை ரெண்டும் பறக்குது. எனக்கு அம்மா திரும்பக் கெடச்ச மாதிரி இருந்துச்சு.

தோட்டத்துல பேரு பதிஞ்சு, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, எடம் குடுத்த அன்னிக்குத்தான் காமனச் சீமெண்ணெய் ஊத்தி எரிச்சோம். கார்த்திகையும் பாதி போயிருச்சு. மேஸ்திரி அதுக்கப்பறம் அந்தப் பக்கம் வரல.

அன்னில இருந்து எங்க ஊர்ல காமன் ஐப்பசியிலதான். சுத்துப்பட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. ஊரு உலகமெல்லாம் மாசி, இந்தச் சிலோன்காரங்களுக்கு மட்டும் ஐப்பசியாம்னு. சிரிச்சா சிரிக்கட்டும். எங்க பிள்ளைங்களுக்கு அதான் சாஸ்திரம். ஒரு வாத்தியார் வந்து, மாசிதான் சரின்னு பாடம் எடுத்தாரு. எங்க ஊர்ச் சின்னப் பையன் எந்திரிச்சு, 'சார், உங்க ஊர்லயும் மாத்திட்டாங்களா'ன்னு கேட்டிருக்கான்.

எங்கப்பாவுக்கு மட்டும் மனசு ஆறல. சாகற வரைக்கும் ஒவ்வொரு மாசியிலயும், யாருக்கும் தெரியாம லயத்துக்குப் பின்னாடி போய், வெரல் நீளத்துக்கு ஒரு ஆமணக்குக் குச்சிய ஊணி, பக்கத்துல உக்காந்து வாய்க்குள்ளயே பாடிட்டு வருவாரு. எங்கம்மா பாக்காத மாதிரி அடுப்பப் பாத்துக்கிட்டிருக்கும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

எங்க பிள்ளைங்க எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போயிட்டாங்க. கொழுந்து எடுக்க ஆளு இல்ல. அதுக்காகத் தோட்டத்துல வடக்க இருந்து சனத்தைக் கொண்டாந்து லயத்துல வெச்சிருக்காங்க. ஜார்க்கண்டாம். ரயில்ல ஏத்தி, பஸ்ஸுல ஏத்தி, வேன்ல ஏத்திக் கொண்டாந்திருக்கான் ஒரு ஏஜெண்டு. ஏறுன்னதும் ஏறி வந்துருக்குதுங்க. பாவந்தான், இல்லேங்கல. வேலை செய்யட்டும், சாப்பிடட்டும், யாரு வேணாங்கறா. ஆனா எதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?

போன வாரம் பாத்தா, எங்க காமன் பொட்டல்ல ஒரு கொம்ப நட்டு வெச்சிருக்காங்க. ஏதோ மரத்துக் கெளை. அதுக்குப் பூ, பொட்டு, சுத்திச் சுத்தி ஆட்டம், மேளம். எங்க பொட்டல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல எங்களுக்குக் காப்புக் கட்டு வருது. நீயே சொல்லு, கண்ட மாசத்துல கண்ட கொம்ப நட்டா அது சாமியாயிருமா? சாமிக்குன்னு ஒரு மாசம் இல்ல? ஒரு மொறை இல்ல?

நான் போனேன். ஒரு பொம்பள, பூல்மணியோ என்னமோ பேரு, கொம்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா. 'எந்திரி, எடு இத'ன்னு கத்தினேன். அவ எந்திரிக்கல. அவ மக, எட்டு ஒம்பது வயசிருக்கும், நம்ம ஸ்கூல்லதான் படிக்குது, அது முன்னாடி வந்து நின்னு எங்கள மாதிரியே தமிழ்ல பேசுது. 'ஆயா, எங்கம்மா எந்திரிக்க மாட்டாங்க. இத நட்டாச்சு, பூசை முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது. அதுக்கப்பறமும் நாங்க எங்கயும் போக மாட்டோம்'னு சொல்லுது. கையக் கட்டல, கண்ணத் தாழ்த்தல. அந்தத் திமிரப் பாரேன். அந்த வயசுல அவ்வளவு நெஞ்சழுத்தம் ஒரு பிள்ளைக்கு ஆகுமா?

வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல. படுத்தா அந்தப் பிள்ள மூஞ்சிதான் வருது. எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரியே இருக்கு, எங்கன்னு பிடிபடல. எனக்கு இந்த வயசுல இப்பிடி ஒரு படபடப்பு வேணுமா? அதான் இன்னிக்கு ஆபீசர் முன்னாடி உக்காந்து சொல்லப் போறேன். அவங்கள அடுத்த டிவிசனுக்கோ வேற தோட்டத்துக்கோ அனுப்பட்டும். ஒரு வேன் வெச்சா ஒரே நாளு வேலை.

என்ன கண்ணு சிரிக்கிற?

என்னது, எங்கள மாதிரியா? நல்லாருக்கே. படிச்ச பிள்ள, யோசிச்சுப் பேசு. நாங்களும் அவங்களும் ஒண்ணா? நாங்க தமிழு, அவங்க பாஷையே வேற. நாங்க கஷ்டப்பட்டு வந்தோம். சரி, அவங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருப்பாங்க, அத விடு. எங்களுக்குப் போக்கிடம் இல்ல. அவங்களுக்கு... அவங்களுக்கு இருக்கும், ஏதாவது இருக்கும், யாரு கண்டா.

கொஞ்சம் காலை ஒதுக்கு கண்ணு, தாலுகா ஆபீசு வந்துருச்சு. எலுமிச்சம்பழத்த நீயே வெச்சுக்க.

பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு, அதக் கேட்டுட்டுப் போ. அவங்க இன்னொருத்தர் எடத்துல வந்து கொம்ப நட்டாங்க. நாங்க அப்பிடி யாரு எடத்தையும் எடுக்கல. நாங்க வந்தப்ப அந்த மலையில ஒரு சனம் இல்ல, வெறுங்காடு. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.